எட்டுத் தொப்பிகளும் ஒரு கேப்டனும்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி இருபது நிமிஷத்துக்கு என் மகள் அந்தக் கறுப்புத் தொப்பியைத் தலையில் போட்டாள். நேரம் இத்தனை துல்லியமாக நினைவிருப்பதற்குக் காரணம் உண்டு. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுவேன். அன்றும் ஜன்னலருகே நின்று சாவி கொடுத்துக்கொண்டே எதிர்வீட்டு முற்றத்தைப் பார்த்தேன். கயிற்றுக் கட்டிலின்மேல் தொப்பிகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. அதில் ஒன்று மட்டும் கட்டிலைவிட்டு இறங்கி முற்றத்தில் நடந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே எட்டு வயதுப் பாவாடை ஒன்று தெரிந்தது.

எதிர்வீட்டுக்காரர் உள்ளேயிருந்து ஓடி வந்தார். நிறைகுடத்தைத் தூக்குகிற பதனத்தோடு இரண்டு கையாலும் தொப்பியை மேலே தூக்கினார். தோள் துண்டால் உள்ளும் புறமும் துடைத்தார்.

"ஏட்டி மக்கா, என்ன காரியம் செய்தா! ஆளு இருக்கப்பட்ட எடமில்லியா அது? கேப்டன் சும்மா விடுவானா?"

அவள் சிரித்தாள். ஜன்னலில் நின்று நானும் சிரித்தேன். ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. இன்னும் அந்த ஜன்னலருகே நின்று நான் சாவி கொடுப்பதில்லை.

எங்கள் தெருவில் அவருக்குத் தொப்பி ரைட்டர் என்று பேர். சொந்தப் பேர் பத்திரங்களில் இருந்திருக்கும். அசம்பு மலையில் துரைமார் தோட்டம் ஒன்றில் முப்பது வருஷம் கணக்கெழுதுகிற ரைட்டராக இருந்துவிட்டு நாகர்கோவிலுக்கு வந்தவர். ஒல்லியான ஆள். காதோரம் மட்டும் நரை. பிள்ளைகள் கிடையாது. மலையிலிருந்து இறங்கும்போது மற்றவர்கள் தேனும் ஏலமும் கொண்டுவருவார்கள். இவர் ஒரு காக்கித் தொப்பி கொண்டுவந்தார். ஜெர்மன் சண்டைக்குப் போய்த் திரும்பி வந்த அவருடைய துரை, சீமைக்குக் கப்பலேறும்போது பங்களாச் சுவரில் அதை மாட்டியபடியே விட்டுவிட்டுப் போய்விட்டான். "கேட்டு எழுதுவான், எழுதுவான்னு ஒரு வருஷம் காத்துக் கெடந்தேன். எழுதல்ல. சவத்த அங்கயே விட்டுட்டு வர மனசில்ல" என்பார். அதுதான் தொடக்கம்.

அதன் பிறகு அவரைப் பிடித்துக்கொண்டது. கொல்லத்தில் பட்டாளம் இருந்த இடத்தில் பழைய சாமான் ஏலம் என்றால் போய்விடுவார். பாளையங்கோட்டைக்குப் போவார். குளச்சலில் பழைய இரும்பு வாங்குகிற மரைக்காயர் ஒருவர் சண்டைக்கால இரும்புத் தொப்பி ஒன்றை இவருக்கென்றே எடுத்து வைத்திருந்தார். உச்சியில் பித்தளைக் கூர் வைத்த வெள்ளைத் தொப்பி, பின்னால் இரட்டை ரிப்பன் தொங்குகிற மடிப்புத் தொப்பி, கரடி மயிரில் செய்த ஒரு பூதாகாரம் என்று பத்து வருஷத்தில் எட்டுச் சேர்ந்தன. எல்லாம் வெள்ளைக்காரப் பட்டாளத்துத் தொப்பிகள். வேறு சாதித் தொப்பி ஒன்றும் அவருக்கு வேண்டாம்.

தலை இல்லாமல் வைத்தால் தொப்பி குழிந்துபோகும் என்பதால் ஒவ்வொன்றின் உள்ளளவையும் நூலால் எடுத்துக்கொண்டு போய்க் குயவரிடம் எட்டுப் பானை வனையச் சொன்னார். "கழுத்து எவ்வளவு வேணும்?" என்று கேட்டாராம் குயவர். அந்தப் பானைகளைப் பலகையில் வரிசையாகக் கவிழ்த்து, மேலே தொப்பிகளை வைத்தார். பூச்சி அரிக்காமலிருக்கப் பானைக்கு அடியில் மிளகும் கர்ப்பூரமும் வேப்பிலையும் போட்டார். அந்த அறைக்குள் நுழைந்தால் எட்டுப் பேர் குனிந்த தலையோடு நமக்காகக் காத்திருப்பது போலிருக்கும்.

அவர் மனைவி அந்த அறையைக் கடந்து கிணற்றடிக்குப் போகும்போதெல்லாம் உரக்கச் சொல்வாள்: "எட்டு ஆம்பிளைக இருக்கானுவ வீட்டுல. ஒருத்தனாவது ஒரு குடம் வெள்ளம் கோரித் தருவானா?"

தொப்பி சேர்ப்பது அவருடைய பழக்கம். குணம் வேறொன்று. அவர் வாயிலிருந்து தெரியாது என்ற சொல்லை யாரும் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமைகளில் தொப்பிகள் முற்றத்தில் காயும்போது கதை கேட்கத் தெரு கூடும். எந்தத் தொப்பியைக் காட்டிக் கேட்டாலும் அதைப் போட்டிருந்தவன் வயது, நிறம், குடிக்கிற பழக்கம், எந்த இடத்தில் எப்படிச் செத்தான் என்பது வரை வந்துவிடும். உயிரோடு ஊர் போய்ச் சேர்ந்த பட்டாளத்துக்காரன் ஒருவன்கூட அவர் வரிசையில் கிடையாது. அவருடைய சொந்தத் துரையைக்கூடக் கப்பலில் வைத்துக் கொன்றுவிட்டார். கதை முடிந்ததும், "போனவன் போனான். ஆளு இதுக்குள்ளதான் இருக்கான்" என்று தொப்பியைத் தொடாமல் விரலால் மட்டும் காட்டுவார்.

ஒருமுறை மிஷன் பங்களாவில் வந்து தங்கியிருந்த வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் தொப்பிகளைப் பார்க்க வந்தார். ரிப்பன் தொங்குகிற தொப்பியைக் கண்டதும் சிரித்துக்கொண்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அது சண்டைக்காரன் தொப்பியல்ல, பாண்டு வாசிக்கிற பையன்கள் போடுவது என்று சொன்னது எனக்குப் புரிந்தது. ரைட்டர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. கூடியிருந்த எங்களைப் பார்த்து மொழிபெயர்த்தார்: "பாதிரியாரும் அதையேதான் சொல்லுதாரு. குழல் ஊதுன பையன். பதினாலு வயசு. சண்டை நடக்கு, அவன் ஊதிக்கிட்டே நிக்கான். நெஞ்சில குண்டு. குழலு மட்டும் கொஞ்ச நேரம் தன்னால ஊதிச்சாம்." பாதிரியாருக்குத் தமிழ் தெரியும். எதையோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். போகும்போது தன் தலையிலிருந்த தொப்பியை எடுத்து அந்த ரிப்பன் தொப்பிக்கு மரியாதை செய்துவிட்டுப் போனார்.

அந்நியத் துணி எரிக்கிற காலம் வந்தபோது கதர்க் குல்லாய் போட்ட இளைஞர்கள் நாலு பேர் அவர் வாசலில் வந்து நின்றார்கள். தொப்பிகள் எட்டையும் தீயில் போடத் தர வேண்டும் என்றார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. அவர் நாலு பேருக்கும் மோர் கொடுத்தார். பிறகு, "தாரேன். அதுக்கு முன்ன ஒங்க குல்லாயில ஒண்ணு எனக்குத் தாருங்க. ஒம்பதாவதா வைக்கேன். ஒங்களுக்கும் ஆளு செத்துட்டுத்தானே இருக்கு, ஒரு கத இல்லாமலா போவும்?" என்றார். அவர்கள் கோபப்பட வேண்டிய இடம் அது. அவர்களில் பாளையங்கோட்டையிலிருந்து வந்த பையன் குல்லாயைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, "அந்தக் கறுப்புத் தொப்பிக் கேப்டன் கதையைச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றான். எரிக்க வந்தவர்கள் இருட்டுகிற வரை உட்கார்ந்து கதை கேட்டுவிட்டுப் போனார்கள்.

கறுப்புத் தொப்பிதான் வரிசைக்குத் தலை. முக்கால் முழ உயரம், முன்பக்கம் பித்தளைத் தகடு, தகட்டில் சிங்கம். கும்பினிப் பட்டாளம் ஆரல்வாய்மொழிக் கோட்டைமதிலைப் பிடிக்க வந்தபோது முதலில் மதிலேறிய கேப்டனுடையது என்று சொல்வார். மேலே ஏறி நின்றதும் தொண்டையில் குண்டு.

"விழுந்து கெடக்கான். வெள்ளம் வேணும். வாயத் தொறக்கான், சத்தம் வரல்ல. காத்துதான் வருது. உஸ்ஸு... உஸ்ஸுன்னு. கையைக் காட்டித்தான் பட்டாளத்த நடத்துதான்."

அந்த உஸ்ஸை அவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு செய்து காட்டும்போது பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எனக்கு அந்த இடம் பிடிக்கும். வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தால் அழைத்துக்கொண்டு போய், "அந்தக் கேப்டனைச் சொல்லும்" என்று நானே கேட்டிருக்கிறேன்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால் ஒரு வெள்ளைக்காரத் துரையின் கல்லறை இருக்கிறது. அதில் சுருட்டும் சாராயமும் படைக்கிற வழக்கம் எங்கள் பக்கத்தார் எல்லோருக்கும் தெரியும். வெள்ளைக்காரனாக இருந்தாலும் ரத்தம் சிந்திச் செத்தவன், அவனுக்கு உள்ளதை அவனுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது நியாயம். ஒருநாள் யாரோ கேட்டார்கள், "அந்தத் துரைதானா அண்ணாச்சி இவரு?" என்று. ரைட்டர் சொன்னது இரண்டே வார்த்தை: "வேற யாரு?"

இதையெல்லாம் என் மகள் கேட்டுக்கொண்டுதான் வளர்ந்தாள். பிள்ளை இல்லாத அந்த வீட்டில் அவள்தான் பிள்ளை. முற்றத்தில் அவளை நிறுத்திப் பட்டாளத்து இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பார். 'அட்டென்ஷன்', 'ரைட் டர்ன்', 'ஹால்ட்'. அவள் திரும்புவாள், நிற்பாள், நெற்றியில் கை வைப்பாள். பதிலுக்கு அவரும் நெற்றியில் கை வைப்பார்.

அந்த வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிற நேரத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சனிக்கிழமை காலை குரல் அடைத்துவிட்டது. கழுத்து வீங்கியிருந்தது. கஞ்சி இறங்கவில்லை. மூச்சு விடும்போது உஸ் என்று சத்தம் வந்தது. பத்து மணிக்கு மேல் ஜுர வேகத்தில் கட்டைக் குரலில் பேசத் தொடங்கினாள். "ரைட் டர்ன்" என்றாள். பிறகு, "ஹால்ட்" என்றாள்.

எங்கள் வீட்டில் பெரியவள் என் அக்காள். விதவை. நான் சின்னப் பையனாக இருக்கும்போதே என்னை வளர்த்தவள். அவள் என் மகளின் வாயருகே காதை வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏலே, பிள்ளைக்கு இங்கிலீசு எங்கெருந்துலே வந்துது?"

"எதிர்வீட்டு ரைட்டர் சொல்லிக் கொடுத்ததுக்கா."

"எவரு?"

"தொப்பிக்காரரு."

"அப்பம் தொப்பிதானே!" என்றாள் அக்காள்.

வியாழக்கிழமையே பிள்ளை தொண்டை வலிக்கிறது என்று சொல்லியிருந்தாள். தொப்பியைத் தொடுவதற்கு முந்தின நாள். அது எனக்கு நினைவு இருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பாடம் நடத்துகிறவன். தொண்டை அடைப்பான் என்கிற நோய் அந்தப் புத்தகத்தில் ஒரு தனிப் பாடம். உள்நாக்குப் பக்கம் சாம்பல் நிறத்தில் சவ்வு படரும், மூச்சு அடைக்கும், உடனே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். அவள் வாயைத் திறந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. தோன்றியது என்பதே உண்மை. பார்த்துவிட்டால் அக்காளோடு சண்டை போட வேண்டியிருக்கும் என்பதால் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி என்று ஒருதரம் சொன்னேன். "துரை உள்ள இருக்கும்போ பிள்ளைய நடை தாண்ட விடப்பிடாது. வழியில வச்சு உசிர எடுத்துட்டு எறங்கிருவான்" என்றாள் அக்காள். நான் என் மனைவியைப் பார்த்தேன். எங்கள் மூத்த பையனை அதற்கு நாலு வருஷத்துக்கு முன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில், வண்டியிலேயே, அவள் மடியில் இழந்திருந்தோம். "வண்டி வேண்டாம்" என்றாள்.

மத்தியானம் பூசாரி வந்தார். ஆரல்வாய்மொழிப் பக்கத்துக்காரர். துரைமாரை இறக்குவதில் பழக்கம் உள்ளவர். பிராந்தி ஒரு புட்டி, சுருட்டு ஒரு கட்டு, அவித்த முட்டை, வெள்ளைத் துணி என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். துரைக்குப் படைத்த பிராந்தியில் மூன்று கரண்டி பிள்ளை வாய்வழியாகப் போக வேண்டும், அப்போதுதான் அவன் வயிறு குளிர்ந்து இறங்குவான் என்றார். கடைசியாகக் கேட்டார்:

"பேரு வேணும் சாரே."

"கேப்டன் என்பார்கள்."

"கேப்டன்னு கூப்பிட்டா அங்க எத்தன கேப்டன் கெடக்கான்! வேற எவனாவது கேட்டுட்டு வந்து எறங்கிப்போட்டான்னா? அப்புறம் ரெண்டு பேரை நான் எங்க கொண்டு விடதுக்கு?"

சாயங்காலம் நான் எதிர்வீட்டுக்குப் போனேன். ரைட்டர் தொப்பி அறையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"கேப்டனுக்கு என்ன பேர்?" என்றேன்.

"பேரா?"

இத்தனை வருஷத்தில் அதை மட்டும் யாரும் கேட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் கறுப்புத் தொப்பியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பிள்ளைக்கு எங்க நோவு?"

"தொண்டை. குரல் போய்விட்டது. மூச்சு விட்டால் நீர் சொல்கிற அதே உஸ்..."

அவர் எழுந்துவிட்டார். "பேரு தெரிஞ்சா என்ன செய்வாவ?" என்றார். சொன்னேன். "பிராந்தியா? விழுங்க முடியாத பிள்ளைக்கா?" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "பேரு எழுதி வச்சிருக்கேன். தேடணும். நாளைக்கு வாரும்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. ரிப்பன் தொப்பிப் பையனுக்கு நின்ற நிலையில் பதினாலு வயது கொடுத்தவருக்கு ஒரு பேர் கொடுக்க ஒரு ராத்திரி வேண்டுமா? அவர் வில்லியம் என்று சொல்லியிருந்தால் போதும். பூசாரி அதைப் பிடித்துக்கொண்டு அன்றைக்கே பூசையை முடித்திருப்பார். மூன்று கரண்டியும் என் மகள் தொண்டைக்குள் போயிருக்கும். கேட்ட உடனே பதில் சொல்லாமல் அவர் இருந்தது அந்த ஒருதரம்தான். அதன் அருமையை உணர எனக்கு நாள் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. பூசாரி இனிக் காத்திருக்க முடியாது, கேப்டன் துரை என்றே கூப்பிட்டுப் பார்க்கலாம் என்றார். வெள்ளைத் துணியில் சுருட்டு புகைந்தது. என் மனைவி பிள்ளையின் தலையை மடியில் வைத்துத் தாடையைப் பிடித்துக்கொண்டாள். என் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து மூலையில் உட்காரச் சொல்லியிருந்தார்கள். உட்கார்ந்திருந்தேன்.

மேலே சொல்லுமுன் பின்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், கடைசியில் எனக்குச் சொல்ல இருப்பது ரைட்டர் பேசியது மட்டும்தான். பிள்ளை பிழைத்தாள். மிஷன் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். மூன்று வாரம் படுத்துக் கிடந்தாள். தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்த டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்து, என்ன வேலை செய்கிறீர் என்று கேட்டார். வாத்தியார் என்றேன். என்ன பாடம் என்றார். கணக்கு என்றேன். இப்போது அவளுக்குப் பதினேழு வயது. இரண்டு தரம் தொடர்ந்து இருமினால் நான் எழுந்து விளக்கை எடுத்துக்கொண்டு போவேன். "அப்பா, ஆ காட்டவா?" என்று சிரிப்பாள்.

ரைட்டருக்குத்தான் ஒன்றும் மிஞ்சவில்லை. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் யாரும் அந்த முற்றத்துக்குப் போகவில்லை. போன இரண்டொருவரும் சிரிப்பதற்காகப் போனார்கள். குல்லாய் கொடுத்த பையன் வந்து அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனான். எந்தத் தொப்பியைக் காட்டி யார் கேட்டாலும், "தெரியாது" என்று சொல்லிவிட்டு மிளகை மாற்றிப் போடுவார். அடுத்த மழைக்காலத்தில் காலமானார். வேடிக்கை என்னவென்றால், பாதித் தெரு இன்னும் கேப்டனைத்தான் நம்புகிறது. தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்து அன்றைக்கு ரைட்டர் பொய் சொல்லிவிட்டார் என்பது பூசாரியின் தீர்ப்பு. என் அக்காள் வெள்ளிதோறும் கொல்லைச் சுவரில் ஒரு சுருட்டு வைக்கிறாள்.

அன்று பதினொன்றே கால் மணிக்குப் பூசாரி முதல் கரண்டியில் பிராந்தியை ஊற்றிப் பிள்ளையின் வாயருகே கொண்டுபோனார். அப்போது வாசலில் வில்வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. ரைட்டர் செருப்போடு உள்ளே வந்தார். குளிக்கவில்லை, கண் சிவந்திருந்தது. கறுப்புத் தொப்பியைத் தேங்காய்மூடி போல மல்லாத்திப் பிடித்திருந்தார். அதன் உள்துணி பேனாக்கத்தியால் கிழிக்கப்பட்டிருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. நேரே போய்ப் பூசாரியின் கரண்டிக் கைக்கும் பிள்ளைக்கும் நடுவே தொப்பியை நீட்டினார்.

"பாரும். நல்லாப் பாரும்வே. பனையோலை. துரைமாரு ஊருல பனை ஏது? வடசேரியில ஒரு நாடகக் கம்பெனிக்காரன் ராசபார்ட்டுக்குன்னு செய்வித்தது. வாங்கின அன்னைக்கே எனக்குத் தெரியும்."

அக்காள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"கேப்டன் கெடையாது அக்கா. மதிலும் ஏறல்ல, குண்டும் படல்ல. அவன நான்தான் உண்டாக்கினேன். நான் உண்டாக்கினவன் இந்தப் பிள்ளைக்க தொண்டையில எப்பிடி வந்து இருப்பான்?"

பிறகு என்னிடம் வந்து என் கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை வாங்கித் தரையில் வைத்தார்.

"சாரே, மத்த ஏழும் இப்பிடித்தானான்னு மட்டும் கேக்காதீரும். வண்டி வாசல்ல நிக்கு. பிள்ளையத் தூக்கும்."